கடைக்கு எந்தச் சைக்கிள்?

சேலையூர், செம்பாக்கம் பக்கமிருந்து மேற்குத் தாம்பரம் மார்க்கெட்டுக்குச் சைக்கிளில் வரும் நம் வணிகர்கள், புது வண்டி வாங்குமுன் ஒன்றைக் கவனிக்க வேண்டுகிறோம். இளைஞர்கள் விரும்பும் 'ஃபிக்ஸ்டு கியர்' வண்டியில் ஃப்ரீவீல் கிடையாது. பின்சக்கரம் சுழலும்வரை பெடலும் சுழலும். உதிரி பாகம் குறைவு, பராமரிப்புச் செலவும் குறைவு என்பது உண்மையே. ஆனால் கேரியரில் 25 கிலோ அரிசிச் சிப்பத்தை வைத்துக்கொண்டு ரயில் மேம்பாலத்தில் இறங்கும்போது காலை ஓய்வாக வைக்க முடியாது. சுமை நம்மைத் தள்ளிக்கொண்டே போகும்.

நமக்கு ஏற்றது ஃப்ரீவீல் உள்ள சாதாரண ஒற்றைக் கியர் வண்டிதான். 1949இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் அம்பத்தூரில் தயாரித்த ஹெர்குலிஸ், நம் தகப்பனார் காலத்தில் மூட்டை சுமந்த வண்டியல்லவா!

முன்பல் 44, பின்பல் 18 என்றால், 28 அங்குலச் சக்கர வண்டி பெடலின் ஒரு சுற்றுக்குச் சுமார் 5.5 மீட்டர் ஓடும். பின்பல் 20 போட்டால் 4.9 மீட்டர்தான். வேகம் சற்றுக் குறையும். பாலம் ஏறும்போது முழங்கால் தப்பிக்கும். செயினில் ஒரு கண்ணி சேர்க்க வேண்டியிருக்கலாம். பல கியர் வண்டிக்குக் கொடுக்கும் பணத்தோடு பார்த்தால் இது சிறு செலவே.

பழைய வண்டி எடுப்பவர்கள் புதுப் பெயிண்டைப் பார்த்து மயங்க வேண்டாம். ரிம்மைச் சுழற்றிக் கோட்டம் பாருங்கள். பிரேக்கைச் சுமையோடு ஓட்டிப் பார்த்த பிறகே விலை பேசுங்கள்.