டி.சி. வாங்கும் முன்

வகுப்பில் ஒரு இடத்தில் உட்கார மாட்டேன் என்கிறான், எழுதச் சொன்னால் பென்சிலை வீசுகிறான் என்று பள்ளி டைரியில் குறிப்பு வரத் தொடங்கும். முதலில் வீட்டில் திட்டு விழும், பிறகு அடி. கடைசியில் ஒருநாள் பெற்றோரைக் கூப்பிட்டு, "வேற ஸ்கூல் பார்த்துக்கோங்களேன்" என்பார்கள். பயந்துபோய் அன்றே டி.சி.க்கு எழுதிக் கொடுத்துவிடும் பெற்றோர் நிறையப் பேர். புதுப் பள்ளியில் இரண்டு மாதத்தில் அதே குறிப்பு வரும். பள்ளி மாறியதே தவிர, பிள்ளைக்கு என்ன சிரமம் என்று யாரும் பார்க்கவில்லை.

சேட்டையா, சிரமமா?

முதல் வேலையாகக் கண்ணையும் காதையும் பரிசோதித்துவிடுங்கள். கரும்பலகை தெரியாத பிள்ளையும் டீச்சர் சொல்வது சரியாகக் கேட்காத பிள்ளையும் 'கவனமில்லாதவன்' என்று பெயர் வாங்குவது சாதாரணமாக நடக்கிறது.

கவனக்குறைவும் மிகைத்துடிப்பும் சேர்ந்த ஏ.டி.ஹெச்.டி. என்றால், அதன் அடையாளங்கள் 12 வயதுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும். குறைந்தது 6 மாதமாவது நீடிக்க வேண்டும். வீடு, பள்ளி என்று ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் தெரிய வேண்டும். பள்ளியில் மட்டும், அதிலும் ஒரே பாடவேளையில் மட்டும் பிரச்சினை வருகிறது என்றால் காரணம் வேறாக இருக்கலாம். வாய்விட்டுக் கேட்டால் பதில் சொல்லும் பிள்ளை, நோட்டைத் திறந்தாலே முரண்டு பிடித்தால் டிஸ்லெக்சியா போன்ற கற்றல் குறைபாடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆட்டிசம் உள்ள குழந்தைக்குக் கூச்சலும் திடீர் மாற்றங்களும் தாங்க முடியாதவையாக இருக்கலாம். எது என்று முடிவு செய்வது மருத்துவரின் வேலை. டீச்சரும் பக்கத்து வீட்டுக்காரரும் சொல்லும் பெயர்களை மனதில் ஏற்றிக்கொள்ளாதீர்கள்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இயங்கும் மாவட்ட ஆரம்பகால இடையீட்டு மையங்களில் 18 வயது வரையுள்ள குழந்தைகளைக் காட்டலாம். சென்னையை ஒட்டியிருப்பவர்களுக்கு முட்டுக்காட்டில் 2005 முதல் இயங்கும், மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசின் தேசிய நிறுவனமும் இருக்கிறது.

நடந்ததை எழுதி வையுங்கள்

மருத்துவர் ரிப்போர்ட் கையில் வரும்வரை சும்மா இருக்க வேண்டியதில்லை. ஒரு நோட்டு போடுங்கள். பிள்ளை கட்டுக்கடங்காமல் போகும் ஒவ்வொரு முறையும் அதற்கு முன் என்ன நடந்தது, பிள்ளை என்ன செய்தது, அதன் பிறகு மற்றவர்கள் என்ன செய்தார்கள் என்று மூன்றையும் தேதி, நேரத்தோடு எழுதுங்கள். வகுப்பாசிரியரிடமும் இதையே கேளுங்கள். "ரொம்ப தொந்தரவு" என்ற ஒரு வரியை வைத்துக்கொண்டு யாராலும் எதையும் சரிசெய்ய முடியாது.

இரண்டு மூன்று வாரத்தில் ஏதாவது ஒரு வடிவம் தெரிய ஆரம்பிக்கும். பக்கத்தில் இருப்பவரைக் கடிக்கும் பிள்ளை ஒன்றை எடுத்துக்கொள்வோம். குறிப்புகளைப் புரட்டினால், அநேகமாக எல்லா முறையும் இன்டர்வெல் பெல் அடித்து எல்லோரும் வாசலுக்கு முண்டியடிக்கும் நேரத்தில்தான் கடித்திருக்கிறது என்று தெரியவரலாம். சத்தமும் இடிபாடும் அந்தப் பிள்ளைக்குத் தாங்கவில்லை; அதைச் சொல்லத் தெரியாமல் கடிக்கிறது. பெல்லுக்கு இரண்டு நிமிடம் முன்னதாக அதை வெளியே அனுப்பினால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். இதற்குக் காசு செலவில்லை, தனி ஆள் வேண்டாம். பெஞ்சு மேல் நிற்க வைப்பதும் இன்டர்வெல்லை ரத்து செய்வதும் இதைச் செய்யாது. ஓடியாடத் துடிக்கும் பிள்ளையிடமிருந்து விளையாட்டு நேரத்தைப் பிடுங்குவது, அடுத்த பாடவேளையை இன்னும் மோசமாக்கும்.

தலைமையாசிரியரிடம் கேட்பது

பிள்ளைக்கு இருக்கும் சிரமத்தைப் பள்ளியிடம் மறைக்கும் பெற்றோரின் பயம் எனக்குப் புரிகிறது. சீட் போய்விடுமோ, மற்ற பிள்ளைகள் கேலி செய்வார்களோ என்ற பயம் அது. ஆனாலும் சொல்லிவிடுங்கள். சொல்லாதவரை ஆசிரியரின் கண்ணுக்கு அது திமிராகவே தெரியும்.

"கொஞ்சம் பார்த்துக்கோங்க சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். முன் வரிசையில், ஜன்னலை விட்டுத் தள்ளி இடம் வேண்டும். பெரிய வேலையைத் துண்டு துண்டாகக் கொடுக்க வேண்டும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நோட்டு எடுத்துவரச் சொல்லியாவது எழுந்து நடக்க விட வேண்டும் என்று கேட்பதைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். கடிதமாக எழுதிக் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு மாதம் கழித்து மறுபடி உட்கார்ந்து பேச அப்போதே ஒரு தேதி குறியுங்கள். அரசுப் பள்ளி என்றால், வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநரையும் அந்தப் பேச்சுக்கு வரச் சொல்லலாம். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் அவர்கள் இருப்பதே இந்தப் பிள்ளைகளுக்காகத்தான்.

சட்டம் என்ன சொல்கிறது

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, குறிப்பிட்ட கற்றல் குறைபாடு எல்லாம் அதில் உண்டு. அரசு நிதி பெறும் பள்ளியானாலும் அரசு அங்கீகாரம் மட்டும் பெற்ற தனியார் பள்ளியானாலும், பாகுபாடு காட்டாமல் சேர்த்துக்கொண்டு அந்தப் பிள்ளைக்குத் தேவையான மாற்றங்களைச் செய்துதர வேண்டும். குறைபாடு 40 சதவீதமோ அதற்கு மேலோ என்று சான்று இருந்தால், 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை. அருகிலுள்ள பள்ளியா, சிறப்புப் பள்ளியா என்பதைத் தேர்ந்தெடுப்பது உங்கள் பக்கம். ஏ.டி.ஹெச்.டி. அந்தப் பட்டியலில் தனிப்பெயராக இல்லை. ஆனால் அதனோடு கற்றல் குறைபாடும் சேர்ந்திருப்பது அடிக்கடி காணப்படுவதால், அதற்கும் பரிசோதிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி, 8-ஆம் வகுப்பு முடியும்வரை எந்தக் குழந்தையையும் பள்ளியை விட்டு வெளியேற்றக் கூடாது. அடிப்பதற்கும் மனதளவில் துன்புறுத்துவதற்கும் தடை உண்டு. சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. ஆனால் 2016 சட்டம் அவற்றுக்கும் பொருந்தும். வாய்மொழியாக டி.சி. வாங்கச் சொன்னால், காரணத்தை எழுத்தில் கேளுங்கள். பேசித் தீரவில்லை என்றால் பள்ளிக் கல்வித் துறையின் 14417 எண்ணிலும், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரிடமும் முறையிடலாம்.

பத்தாம் வகுப்பை நினைத்து

கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், ஒரு மொழிப்பாடத்தில் விலக்கு போன்ற சலுகைகள் பொதுத்தேர்வில் உண்டு. மருத்துவச் சான்றுடன் தலைமையாசிரியர் வழியாக அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். ஜனவரியில் ஓடத் தொடங்கினால் நேரம் போதாது. ஒன்பதாம் வகுப்பிலேயே சான்றைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். பள்ளித் தேர்வுகளிலும் இதே சலுகையைக் கேட்டு வாங்குங்கள். எழுதுபவருக்குச் சொல்லிப் பழகாத பிள்ளை, பொதுத்தேர்வு அறையில் திணறிப்போகும்.

அதற்கு முன்பே வருவது ஆறாம் வகுப்பு. ஒரே டீச்சரிடம் பழகிய பிள்ளைக்கு, பாடத்துக்கு ஒருவராக ஐந்தாறு பேர் வருவார்கள். ஐந்தாம் வகுப்பு ஆசிரியரிடம், எது பிள்ளையைக் கலங்கடிக்கிறது, எது அமைதிப்படுத்துகிறது என்று ஒரு பக்கத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள். ஜூனில் பள்ளி திறக்கும் முன்பே அந்தத் தாளோடு புது வகுப்பாசிரியரைப் பார்த்துவிடுங்கள். பிள்ளையையும் கூட்டிப்போய் வகுப்பறை, கழிப்பறை, தண்ணீர்க் குழாய் எல்லாவற்றையும் காட்டிவிட்டு வாருங்கள்.