மின்னஞ்சற் பேரேடும் அதன் திறவுகோலும்

திண்டுக்கல் நகரின் ஒரு பகுதியாகிய பேகம்பூர், ஐதர் அலியின் உடன்பிறந்தாளான அமீருன்னிசா பேகம் என்னும் மாதரசியின் பெயரால் வழங்குவது. நெடுங்காலமாகத் தோல் பதனிடுதலும் தோல் வாணிகமும் அங்கே நடைபெற்று வருகின்றன. வாணிகம் உள்ள இடத்தில் பேரேடு இல்லாதிராது. சரக்கு வாங்குவோர் யார், எந்த ஊரினர், எவருக்கு விலைக் கடிதம் அனுப்புதல் வேண்டும், எவர் இனி அனுப்பவேண்டாமென்று சொல்லிவிட்டனர் என்பவையெல்லாம் முற்காலத்தில் கணக்குப்பிள்ளையின் நோட்டிலே இருந்தன. இக்காலத்தில் அவை பெரும்பாலும் தொலைவிலுள்ள ஏதோ ஒரு மின்னஞ்சல் நிறுவனத்தின் சர்வரில் இருக்கின்றன. அவ்வாறு பிறர் காவலில் உள்ள பேரேட்டினின்றும் நம்முடைய பதிவுகளை நாம் திரும்பப் பெறுவது எங்ஙனம் என்பதையும், பெறும்போது கருத்தில் வைக்கவேண்டிய இரண்டு விஷயங்களையும் இவ்வியாசத்தில் விளக்கப் புகுகின்றோம்.

கணினிகளின் வலையில் ஒரு பொறியிலுள்ளவர் வேறொரு பொறியிலுள்ளவருக்குக் கடிதம் அனுப்பும் முறையை 1971-ஆம் ஆண்டில் ரே டாம்லின்சன் என்னும் அமெரிக்கப் பொறியாளர் அமைத்தார். ஆளின் பெயரையும் பொறியின் பெயரையும் பிரித்துக்காட்டும் சுழிக்குறியை முகவரியில் இட்டவரும் அவரே. ஏழாண்டுகள் கழித்து, 1978-ஆம் ஆண்டு மே மாதத்தில், ஒரு கணினிக் கம்பெனியின் விற்பனை அலுவலர் தம் சரக்கை விளம்பரப்படுத்தக் கருதி, அர்ப்பாநெட் என்னும் வலையைச் சார்ந்தோரின் அச்சிட்ட பெயர்ப் புத்தகத்தை எடுத்துவைத்துக்கொண்டு, ஏறத்தாழ 400 முகவரிகளைக் கையால் தட்டச்சிடுவித்து ஒரே கடிதத்தை அனுப்புவித்தார். கேளாதார்க்கு அனுப்பிய முதல் வாணிக மின்னஞ்சல் இதுவே என்பர். பெற்றவர் பலர் சினந்தனர். முகவரிகளைத் திரட்டுவது ஒன்று, அம்முகவரிக்குரியோரின் இசைவைப் பெறுவது மற்றொன்று என்பது அன்றே வெளியாயிற்று.

இந்நாளில் எவரும் கையால் முகவரி எழுதுவதில்லை. சந்தாதாரர் பட்டியலை வைத்துக் காக்கவும், ஒரே சமயத்தில் பல்லாயிரவர்க்குக் கடிதம் விடுக்கவும், வேண்டாமென்றவர் பெயரை நீக்கவும் தனி நிறுவனங்கள் உள்ளன. அமெரிக்காவில் 2001-இல் தொடங்கிய மெயில்சிம்ப் அவற்றுள் ஒன்று. 1996-இல் அட்வென்ட்நெட் என்ற பெயருடன் தோன்றி, 2009-இல் ஜோஹோ எனப் பெயர் மாறி, நம் தமிழ்நாட்டிலேயே அலுவலகங்கள் கொண்டுள்ள ஸ்தாபனம், ஜோஹோ கேம்பெயின்ஸ் என்னும் அத்தகைய சேவையை நடத்தி வருகின்றது. இதன் அலுவலகங்கள் சென்னையையடுத்தும், தென்காசியையடுத்த மத்தளம்பாறையிலும் உள்ளன. ஆகவே இவ்விஷயம் கடல்கடந்த நாட்டுக் கதையன்று.

இனி, பதிவுகளைப் பெறும் முறையைக் காண்போம். ஒரு மண்டிக்குச் செல்லும் வெளியார் நேரே உட்புகுந்து பேரேட்டைப் புரட்டுதல் கூடாது. அவர் முன்கட்டில் நின்று கணக்குப்பிள்ளையிடம் கேட்பார். கணக்குப்பிள்ளை அவர் இன்னாரென்று தெரிந்துகொண்டு, கேட்ட பக்கத்தை மட்டும் பார்த்துப் படியெடுத்துக் கொடுப்பார். ஏ.பி.ஐ. என்று கணினித் துறையினர் வழங்குவது இக்கணக்குப்பிள்ளையையே ஒக்கும். அஃது ஒரு நிரல், மற்றொரு நிரலிடம் எவ்வெவற்றைக் கேட்கலாம், எவ்வடிவிற் கேட்கவேண்டும், விடை எவ்வடிவில் வரும் என்று முன்னரே வகுத்துவைத்த ஒழுங்காம். இணையவழி ஏ.பி.ஐ.யில் கேள்வி ஓர் இணைய முகவரியாகச் செல்லும். விடை பெரும்பாலும் ஜேசன் என்னும் எழுத்து வடிவில் வரும். அவ்வடிவில் ஒவ்வொரு பதிவும் மின்னஞ்சல் முகவரி, பெயர், நிறுவனம், தொலைபேசி எனத் தலைப்பும் மதிப்புமாக வரிசைப்பட்டிருக்குமாதலால், மனிதரும் படிக்கலாம், பொறியும் பகுத்துக்கொள்ளலாம்.

முதலாவது வேண்டப்படுவது திறவுகோல். பூட்டுக்குப் பெயர்போன திண்டுக்கல்லிலுள்ளார்க்கு இதை அதிகம் விரித்துரைக்க வேண்டுவதில்லை; 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற பூட்டு நம்முடையதன்றோ? ஜோஹோவின் முறை, 2012-இல் வரையறுக்கப்பெற்ற ஓஆத் என்னும் பொது நியமத்தைத் தழுவியது. கணக்கின் உரிமையாளர் ஒருமுறை இசைவளித்தால், நிரலுக்கு ஒரு டோக்கன் கிடைக்கும். அந்த டோக்கன் ஒரு மணி நேரமே செல்லும். பின்னர் வேறொரு புதுப்பிப்பு டோக்கனைக் காட்டிப் புதியது பெறவேண்டும். இதன் நன்மை யாதெனில், அது களவுபோயினும் சிறிது நேரத்திற் பயனற்றதாகிவிடும். மேலும், தொடர்புப் பதிவுகளைப் படிப்பதற்கு மட்டும் உரிமை தரும் டோக்கனை வாங்கலாம். அது கொண்டு எழுதவோ அழிக்கவோ இயலாது. படிக்க வந்தவனுக்கு வீட்டுச் சாவிக்கொத்து முழுவதையும் கொடாமல் ஓர் அறையின் சாவியை மட்டும் கொடுப்பது போன்றது இது. திறவுகோலை நிரலின் உள்ளே எழுதிவைத்து, அந்நிரலைப் பிறர் காணுமிடத்தில் வைப்பது, கதவைப் பூட்டிச் சாவியைத் தாழ்ப்பாளிலேயே தொங்கவிடுவதற்குச் சமானம்.

இரண்டாவது, எந்தப் பட்டியல், எவ்விடந்தொட்டு, எத்தனைப் பதிவு என்று தெளிவாகக் கேட்டல். ஜோஹோ கேம்பெயின்ஸில் ஒவ்வொரு பட்டியலுக்கும் லிஸ்ட்கீ என்னும் அடையாளம் உண்டு. அதனுடன், எத்தனையாம் பதிவு முதல் வேண்டும் என்பதையும், எத்தனைப் பதிவுகள் வேண்டும் என்பதையும், எந்நிலையிலுள்ளோர் வேண்டும் என்பதையும் சேர்த்துக் கேட்டல் வேண்டும். இங்குதான் நாம் முன்னர்க் குறித்த இரண்டு விஷயங்களும் பிறக்கின்றன. ஒன்று, பெற்றது முழுமையா என்பது. மற்றொன்று, மறுத்தோரையும் சேர்த்துப் பெற்றோமா என்பது.

முழுமையைப் பற்றி முதலில் ஆராய்வோம். எந்தச் சேவையும் முழுப் பட்டியலையும் ஒரே மூச்சில் தந்துவிடுவதில்லை. பக்கம் பக்கமாகவே தரும். மெயில்சிம்ப்பில் எண்ணிக்கை குறிப்பிடாது கேட்டால் பத்துப் பதிவுகளே வரும். எவ்வளவு மிகுத்துக் கேட்பினும் ஒரு தடவைக்கு 1,000-த்துக்கு மேல் வாரா. பேகம்பூரில் ஒரு வணிகர்க்கு 2,350 சந்தாதாரர் உளர் என்று வைத்துக்கொள்வோம். நூறு நூறாகக் கேட்டால் 24 தடவை கேட்டல் வேண்டும். இறுதித் தடவையில் 50 பதிவுகள் வரும். முதற் பக்கத்தைப் பெற்றவுடன் வேலை முடிந்ததென்று நிரல் நின்றுவிடுமாயின் 2,250 பேர் விடுபட்டுப் போவர். இதிலுள்ள கேடு என்னவெனில், பிழையென்று யாதொரு அறிவிப்பும் வாராது. விடை சரியாகவே வந்தது என்பதற்குரிய 200 என்னும் குறியீடே ஒவ்வொரு முறையும் வரும். கேட்டதற்கு விடை சரியே, கேட்டதுதான் குறைவு.

இதனினும் நுட்பமான குறை ஒன்றுண்டு. முதல் நூறு பதிவுகளைப் பெற்றபின், இரண்டாவது நூறைக் கேட்பதற்குள், நாற்பதாம் இடத்திலிருந்த ஒருவர் பட்டியலினின்று விலகிவிடுகிறார் எனக் கொள்வோம். உடனே அவருக்குப் பின்னுள்ளோர் யாவரும் ஓரிடம் முன்னேறுவர். நூற்றோராம் இடத்திலிருந்தவர் நூறாம் இடத்துக்கு வந்துவிடுவார். நாமோ நூற்றொன்று முதல் கேட்கின்றோம். ஆகவே அந்த ஒருவர் எந்தப் பக்கத்திலும் அகப்படாமல் நழுவிப்போவார். இதற்குப் பரிகாரமாகவே, எண்ணைக் கொண்டு கேட்பதை விடுத்து, சென்ற பக்கத்தின் இறுதிப் பதிவை அடையாளமாக வைத்துத் தொடரும் முறையைச் சில சேவைகள் கையாளுகின்றன. அவ்வசதி இல்லாவிடத்து, பட்டியலில் மாறுதல் குறைவாக நிகழும் நேரத்தில் கேட்பதும், தொடக்கத்திலும் முடிவிலும் மொத்த எண்ணிக்கையை ஒப்பிடுவதும், வேறுபாடு காணின் மீண்டும் ஒருமுறை கேட்டு இரண்டையும் மின்னஞ்சல் முகவரியைக் கொண்டு இணைப்பதும் தக்கன. இணைக்குமுன் முகவரிகளை யெல்லாம் ஆங்கிலச் சிற்றெழுத்தாக்கிக்கொண்டால் ஒருவரே இருவராகத் தோன்றுவது நீங்கும்.

விரைந்து விரைந்து கேட்டாலும் பயனில்லை. அளவுக்கு மிஞ்சிக் கேட்கும் நிரலுக்கு 429 என்னும் குறியீட்டைச் சர்வர் அனுப்பும். சற்றுப் பொறுத்து வருக என்பது அதன் பொருள். 401 என வந்தால் திறவுகோல் செல்லவில்லை என்பது கருத்து. நல்ல நிரல் முதலதற்குக் காத்திருக்கும். இரண்டாவதற்குப் புதிய டோக்கன் பெற்று, விட்ட இடத்திலிருந்து தொடங்கும்.

இனி, மறுத்தோரைப் பற்றிச் சொல்லுவோம். ஜோஹோவின் முறையில், செயல்நிலையிலுள்ளோர் வேறு, விலகினோர் வேறு, கடிதம் சேராமல் திரும்பிய முகவரிகள் வேறு எனத் தனித்தனியே கேட்டல் வேண்டும். அநேகர் முதல் வகையை மட்டும் பெற்று அமைந்துவிடுகின்றனர். வாங்குவோரின் பெயர்தானே வேண்டும், வேண்டாமென்றவர் பெயர் எதற்கு என்பது அவர் எண்ணம். அங்ஙனமன்று. நாம் கூறிய வணிகர் ஒரு சேவையினின்றும் வேறொரு சேவைக்கு மாறுகிறார். அவரிடம் 180 பேர் முன்னரே விலகியுள்ளனர். அவர்கள் முகவரி பழைய பில் புத்தகத்திலும், எழுத்தர் வைத்திருக்கும் எக்ஸெல் தாளிலும் இன்னும் இருக்கின்றது. ஒரு பண்டிகை வாழ்த்தை அனுப்பும் அவசரத்தில் அத்தாளையும் சேர்த்துப் புதிய சேவையில் ஏற்றிவிட்டால், மறுத்த 180 பேரும் மீண்டும் சந்தாதாரராவர். அவர்களுடைய மறுப்பு பழைய சேவையிலேயே தங்கிவிட்டது. அதனை உடன் கொணர்வார் இல்லை.

இதன் விளைவு சிறிதன்று. கூகிள் நிறுவனம், ஜிமெயிலுக்கு அஞ்சல் விடுப்போர்மீது வரும் குப்பை அஞ்சல் என்னும் முறையீடு நூற்றுக்கு 0.3 என்னும் அளவை எட்டலாகாது என விதித்துள்ளது. மேற்கூறிய 2,350 முகவரிகளும் ஜிமெயிலாக இருப்பின், ஒரே நாளில் எட்டுப் பேர் முறையிட்டாலே அவ்வெல்லை கடந்துவிடும். அதன்பின் உண்மையில் கடிதத்தை எதிர்பார்த்திருப்போர்க்கும் அது குப்பைக் கூடையிலேயே விழக்கூடும். எட்டுப் பேர் மறுப்பை மதியாமையால் ஏனையோர் அனைவரோடும் தொடர்பு அறும்.

சட்டமும் இதனையே வற்புறுத்துகின்றது. அமெரிக்க நாட்டின் 2003-ஆம் ஆண்டுச் சட்டம், விலகினோர் வேண்டுகோளைப் பத்து அலுவல் நாட்களுக்குள் நிறைவேற்றும்படி விதிக்கின்றது. நம் நாட்டில் 2023-இல் இயற்றப்பெற்ற டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், இசைவு தருதல் எவ்வளவு எளிதோ அவ்வளவு எளிதாக அதை மீட்டுக்கொள்ளுதலும் இருத்தல் வேண்டுமென்கின்றது. அதற்குரிய விதிகள் 2025 நவம்பரில் வெளிவந்தன. படிப்படியாக அமலுக்கு வரும் முறையில் அவை அமைந்துள்ளன.

ஆதலின், பதிவுகளைப் பெறப் புகும் மாணவர் மூன்று கோப்புகளை ஆக்கிக்கொள்வாராக: இசைந்தோர், விலகினோர், சேரா முகவரிகள். புதிய சேவையில் விலகினோர் பட்டியலை முதலில் ஏற்றி, பின்னரே இசைந்தோரை ஏற்றுவாராக. வேலை முடிந்தபின் தம் கணினியிலும் பென் டிரைவிலும் எஞ்சிய படிகளை அழித்துவிடுவாராக. காவலில்லாத படி ஒவ்வொன்றும் காவலில்லாத கதவாம்.

பேரேட்டிலுள்ள ஒவ்வொரு வரியும் ஓர் ஆளைக் குறிக்கின்றது. அவர் தம் பெயரை நம்மிடம் ஒப்படைத்தது ஒரு நம்பிக்கை. இனி எழுதாதீர் என்றதும் அதே நம்பிக்கையின் ஒரு பகுதியே. வேண்டுமென்றவரை விடாமலும், வேண்டாமென்றவரை மறவாமலும் கணக்கு வைப்பவனே நல்ல கணக்குப்பிள்ளை. கருவி மாறினும் அவ்விலக்கணம் மாறவில்லை.