நல்ல நாள் பார்த்தால் ஆபீசர் வரமாட்டார்!

தருமபுரி,
பேரனுக்கு வீட்டை எழுதி வைக்கப் பெரியவர் தயார். ஆனால் படுத்த படுக்கை. பத்திர ஆபீசுக்கு எப்படிப் போவது?

போக வேண்டாம்! தகுந்த காரணம் இருந்தால் சப்-ரிஜிஸ்திரார் வீடு தேடி வருவார். 1908-ம் ஆண்டு பதிவுச் சட்டம், 31, 38-வது பிரிவுகள் இதற்கு வழி செய்கின்றன. ஜெயிலில் இருப்பவருக்கும் உண்டு.

சிக்கல் நாள் குறிப்பதில்தான். வீட்டார் முகூர்த்த நாளைக் கேட்பார்கள். அன்றுதான் ஆபீசில் கூட்டம் அலைமோதும். சமீப வருடங்களில் முகூர்த்த நாட்களில் 100 டோக்கனை 150 ஆக்கினார்கள். அத்தனை பேரையும் காக்க வைத்துவிட்டு அதிகாரி பென்னாகரம் பக்கம் கிளம்ப முடியுமா?

"நாளாகும்" என்றதும் சிலர் நோட்டரி வக்கீலை அழைத்து வந்து முத்திரை வாங்கிவிடுகிறார்கள். இங்கேதான் ஆபத்து! கையெழுத்து அவருடையதுதான் என்பதற்கே அந்த முத்திரை. தானமாகக் கொடுத்த வீடு கை மாற, பதிவு கட்டாயம். பதியாத பத்திரத்தை நம்பினால் பேரன் கோர்ட்டு ஏற வேண்டியதுதான். (உயில் என்றால் வேறு. இரண்டு சாட்சி போதும், பதிவு கட்டாயம் இல்லை.)

முகூர்த்தமும் தவற வேண்டாம். நல்ல நாளில், சாட்சிகள் முன்னால் பெரியவர் கையெழுத்துப் போடட்டும். அதிலிருந்து 4 மாதத்துக்குள் பதிவுக்குக் கொடுத்தால் சரி. ஆபீசர் கூட்டமில்லாத நாளில் வரட்டுமே!