பழைய பெயின்டும் பாழாகும் உடம்பும்

மைசூர் அசோகபுரம் ரயில்வே பணிமனை 1924-ல் தொடங்கியது. ரயில் பெட்டியோ, வீட்டுக் கிரில் கதவோ, புதுப் பெயின்ட் பிடிக்கப் பழையது போக வேண்டும்.

முன்பு சுரண்டியும் கம்பி பிரஷும் உப்புத்தாளும்தான். இன்று சாண்டர் மெஷின் ஒரு நாள் வேலையைச் சில மணி நேரத்தில் முடிக்கிறது. தூசியும் அதே வேகத்தில் பறக்கிறது. ஆபத்து அதில்தான்.

பழைய இரும்புச் சாமான்களின் அடிப்பூச்சு பெரும்பாலும் ‘ரெட் லெட்’, அதாவது காரீயம் கலந்த சிவப்புப் பூச்சு. வீட்டுப் பெயின்டில் காரீயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. அதற்கு முன் பூசியதை நம்ப முடியாது.

காரீயத் தூசி மூச்சு வழியே இரத்தத்தில் சேரும். குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். வேலை உடுப்போடு பிள்ளையைத் தூக்கும் தகப்பன் விஷத்தையும் வீட்டுக்குக் கொண்டு போகிறார்.

சந்தேகமான பெயின்டில் மெஷின் வேண்டாம். வாட்டர் பேப்பரால் ஈரத்தோடு கையால் தேய்ப்பதே மேல். ஈரத்தில் மின்சார மெஷின் கூடாது. கைக்குட்டை தூசியைத் தடுக்காது. நுண்தூசி முகமூடி அவசியம். உடுப்பைத் தனியே துவைக்கவும். ஈரம் உலர்ந்ததும் அன்றே பிரைமர் அடிக்கவும். தாமதித்தால் துரு ஏறும்.

கூலியைக் கேட்டு வாங்குவது போல முகமூடியையும் மேஸ்திரியிடம் கேட்டு வாங்க வேண்டும்.