தன் கையே தனக்கு உதவி!

வெளிநாட்டுப் பணம் நின்றதும் கானா நாடு செய்தது என்ன?

2025-ம் ஆண்டு ஜனவரி 20-ந் தேதி. வாஷிங்டன் நகரில் ஜனாதிபதி டிரம்ப் ஓர் உத்தரவில் கையெழுத்துப் போட்டார். அமெரிக்கா வெளிநாடுகளுக்குக் கொடுத்து வந்த உதவி 90 நாட்களுக்கு நிறுத்தி வைக்கப்பட்டது. அதே ஆண்டு ஜூலை 1-ந் தேதி, உதவிப் பணத்தைப் பட்டுவாடா செய்து வந்த "யு.எஸ்.எய்டு" ஸ்தாபனத்தின் கதவே சாத்தப்பட்டது.

கையெழுத்து விழுந்தது வாஷிங்டனில். அடி விழுந்தது எங்கே தெரியுமா? ஆப்பிரிக்கக் கிராமத்து ஆஸ்பத்திரிகளில்! மலேரியா மாத்திரை, கொசுவலை, எய்ட்ஸ் நோய்க்கு மருந்து, பிரசவத்துக்கு வேண்டிய சாமான்கள் என்று எத்தனையோ பொருள்கள் அந்தப் பணத்தில் வந்தவை.

கையைச் சுருக்கியது அமெரிக்கா மட்டும் அல்ல. பிரிட்டனும் தன் உதவியை, தேசிய வருமானத்தில் நூற்றுக்கு 0.5-ல் இருந்து 2027-க்குள் 0.3-ஆகக் குறைக்கப் போவதாக 2025 பிப்ரவரியில் அறிவித்தது. 2023-ம் ஆண்டோடு ஒப்பிட்டால், 2025-ல் சுகாதார உதவி நூற்றுக்கு 30 முதல் 40 வரை குறையும் என்று உலக சுகாதார ஸ்தாபனம் கணக்குச் சொல்லியது.

பணம் வரவில்லை என்பதற்காக நோய் காத்திருக்குமா? காத்திருக்காது. அப்படியானால் ஏழை நாடுகள் என்ன செய்வது? இதற்கு மேற்கு ஆப்பிரிக்காவில் உள்ள கானா நாட்டின் கதையைக் கேளுங்கள்.

15 கோடி டாலர் ஓட்டை

வெள்ளைக்காரர் ஆட்சியில் "தங்கக் கடற்கரை" என்று பெயர் பெற்ற நாடு கானா. 1957-ல் சுதந்திரம் அடைந்தது. கோகோவும் தங்கமும் விளையும் பூமி. ஜனத்தொகை 3 கோடிக்கு மேல்.

அமெரிக்க உதவி நின்றதும் கானா சர்க்கார் கணக்கைப் புரட்டிப் பார்த்தது. 15 கோடியே 60 லட்சம் டாலர் துண்டு விழுந்தது! அதில் 7 கோடியே 82 லட்சம் டாலர், மலேரியா தடுப்பு, தாய்-சேய் நலம், குடும்பக் கட்டுப்பாடு, சத்துணவு, எய்ட்ஸ் மருந்து ஆகியவற்றுக்கு உரிய பணம்.

"இந்த ஓட்டையை அடைக்க வழி பாருங்கள்" என்று ஜனாதிபதி மகாமா தன் நிதி மந்திரிக்கு உத்தரவிட்டார். மந்திரி எங்கே போவார்? கானா ஏற்கனவே கடனில் தத்தளித்த நாடு. 2022 டிசம்பரில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாமல் கையை விரித்த நாடு!

ஆனால் வீட்டுக்குள்ளேயே ஒரு பானை இருந்தது. அதன் மேல் ஒரு மூடியும் இருந்தது.

பானையும் மூடியும்

ஒரு காலத்தில் கானா ஆஸ்பத்திரிகளில், "முதலில் காசை வை, பிறகு வைத்தியம்" என்பதே சட்டம். 1985-ல் வந்த இந்த முறையால் எத்தனையோ ஏழைகள் ஆஸ்பத்திரிப் படி ஏறவே பயந்தார்கள்.

2003-ல் அந்த நிலையை மாற்ற தேசிய சுகாதார இன்ஷூரன்ஸ் சட்டம் வந்தது. 18 வயதுக்கு உட்பட்டவர்களும், 70 வயது தாண்டிய முதியோரும் சந்தா கட்ட வேண்டியது இல்லை. பின்னர் கர்ப்பிணிகளுக்கும் இந்தச் சலுகை கிடைத்தது.

இதற்குப் பணம் எப்படி வருகிறது? விற்பனையாகும் பொருள்கள் மீது நூற்றுக்கு 2.5 வீதம் தனி வரி. கடையில் வரிக்கு உட்பட்ட ஒரு சாமானை 100 செடி கொடுத்து வாங்கினால், (செடி என்பது அந்த நாட்டு நாணயம்) அதற்கு மேல் இரண்டரை செடி சுகாதாரத்துக்கு. சந்தைக்குப் போகிற ஒவ்வொருவரும் யாரோ ஒரு நோயாளிக்கு மருந்து வாங்கிக் கொடுக்கிறார் என்று அர்த்தம்!

ஆனால் 2017-ல் ஒரு சட்டம் குறுக்கே வந்தது. இப்படித் தனித் தனிக் காரியங்களுக்கு ஒதுக்கும் பணம் எல்லாம் சேர்ந்து, வரி வருமானத்தில் நூற்றுக்கு 25-ஐத் தாண்டக் கூடாது என்று உச்சவரம்பு போட்டார்கள். ஆஸ்பத்திரிக்கு என்று ஜனங்கள் கட்டிய வரியில் ஒரு பகுதி வேறு செலவுகளுக்குப் போயிற்று.

2025 மார்ச் மாத பட்ஜெட்டில் நிதி மந்திரி அந்த மூடியை எடுத்தார். சுகாதார வரி முழுவதும் சுகாதாரத்துக்கே என்று ஆயிற்று. புதிய வரி போடவில்லை; புதிய கடன் வாங்கவில்லை. சொந்தப் பணம் சேர வேண்டிய இடத்துக்குச் சேர்ந்தது!

ஊருக்குள் ஒரு நர்ஸ்

பணம் மட்டும் இருந்தால் போதுமா? அதைச் செலவிடும் விதமும் முக்கியம்.

கானாவின் வட கோடியில் நவ்ராங்கோ என்று ஓர் ஊர். 1994-ல் அங்கே ஒரு பரீட்சை நடந்தது. ஆஸ்பத்திரியைத் தேடி நோயாளி போவதற்குப் பதிலாக, நர்ஸையே கிராமத்தில் குடி வைத்தார்கள். நர்ஸுக்கு வீடு கட்ட ஊர் ஜனங்களே மண் சுமந்தார்கள். அவர் வீடு வீடாகச் சென்று தடுப்பூசி போட்டார், காய்ச்சலைக் கவனித்தார், கர்ப்பிணிகளை விசாரித்தார். இந்த ஏற்பாடு பிறகு நாடு முழுவதும் பரவியது.

மலேரியாவுக்கு ஓர் ஆபீஸ், எய்ட்ஸுக்கு ஓர் ஆபீஸ், ஒவ்வொன்றுக்கும் தனி ஜீப், தனிக் குமாஸ்தா என்று இருந்தால் செலவு என்ன ஆகும்? ஒரே நர்ஸ் எல்லாவற்றையும் கவனித்தால் அதே பணம் எத்தனை தூரம் ஓடும்! 2025 நவம்பரில் உலக சுகாதார ஸ்தாபனம் ஏழை நாடுகளுக்குச் சொன்ன யோசனைகளில் இதுவும் ஒன்று: தனித் தனித் திட்டங்களை ஒன்று சேருங்கள், மருந்தை மலிவாக வாங்குங்கள், எதைக் குறைத்தாலும் பரம ஏழைகளுக்கான வைத்தியத்தில் கை வைக்காதீர்கள்.

மலிவு மருந்தும் இந்தியாவும்

மலிவாக வாங்குவது என்றால் இந்தியாவின் பெயர் வராமல் இருக்காது. எய்ட்ஸ் மருந்துக்கு ஓர் ஆளுக்கு வருஷத்துக்கு 10 ஆயிரம் டாலருக்கு மேல் செலவான காலம் ஒன்று உண்டு. 2001-ல் பம்பாய் "சிப்லா" கம்பெனி 350 டாலருக்குத் தருகிறேன் என்று முன்வந்தது. உலகமே மூக்கில் விரல் வைத்தது!

எய்ட்ஸ் தொற்றாமல் தடுக்க வருஷத்துக்கு இரண்டே முறை போடும் ஊசி இப்போது வந்திருக்கிறது. 2027 முதல் ஏழை நாடுகளுக்கு அது வருஷத்துக்கு 40 டாலருக்குக் கிடைக்கும் என்று 2025 செப்டம்பரில் அறிவிப்பு வெளியாயிற்று. தயாரிக்க முன்வந்தவை ஐதராபாத் கம்பெனிகள். 2023-ல் கானா உலகிலேயே முதலாவதாக அனுமதித்த "ஆர்-21" மலேரியா தடுப்பூசி, புனாவில் தயாராவது.

எச்சரிக்கை மணி

சொந்தக் காலில் நிற்பது சுலபம் அல்ல. கானாவே அதற்குச் சாட்சி. குழந்தைகளுக்கான காசநோய், தட்டம்மை, போலியோ தடுப்பு மருந்துகளை அந்த நாடு தன் பணத்தில் வாங்குகிறது. 2023-ம் ஆண்டுத் தொடக்கத்தில் உரிய நேரத்தில் பணம் போய்ச் சேரவில்லை. மருந்து தீர்ந்தது. கைக்குழந்தைகளுடன் வந்த தாய்மார்கள் வெறுங்கையுடன் திரும்பினார்கள். வட பகுதியில் தட்டம்மை தலை தூக்கியது. பட்ஜெட்டில் எழுதிய பணம் ஊசியாக மாறினால்தான் பிள்ளைக்குப் பலன். காகிதத்தில் இருக்கும் எண்ணுக்கு நோயைத் தடுக்கும் சக்தி கிடையாது.

இன்னொன்று. எல்லா நாடும் கானா அல்ல. மலாவி போன்ற நாடுகளில் சுகாதாரச் செலவில் பாதிக்கு மேல் வெளிநாட்டுப் பணம். அங்கே எடுப்பதற்கு மூடியும் இல்லை; பானையில் பணமும் இல்லை. சிகரெட், மது, சர்க்கரைப் பானம் ஆகியவற்றின் மீது வரியைக் கூட்டலாம் என்று உலக சுகாதார ஸ்தாபனம் சொல்லுகிறது. நல்ல யோசனைதான், வருமானமும் வரும், நோயும் குறையும். ஆனால் அதற்கு வருஷங்கள் ஆகும். அதுவரை இப்படிப்பட்ட நாடுகளைக் கை கழுவினால், சாவது குழந்தைகள்தான்.

ஆப்பிரிக்க நாடுகள் 2001-ல் அபுஜா நகரில் கூடி, பட்ஜெட்டில் நூற்றுக்கு 15-ஐச் சுகாதாரத்துக்கு ஒதுக்குவோம் என்று வாக்குக் கொடுத்தன. காப்பாற்றிய நாடுகள் மிகச் சில. 2025 ஆகஸ்டில் கானாவின் தலைநகர் அக்ராவில் கூடி, "எங்கள் ஆரோக்கியம் எங்கள் பொறுப்பு" என்ற கொள்கையை மறுபடியும் எடுத்துச் சொன்னார்கள்.

உதவி செய்கிறவர் கொடுப்பதானால் முன்கூட்டிச் சொல்லிக் கொடுக்கட்டும். நிறுத்துவதானால் அவகாசம் கொடுத்து நிறுத்தட்டும். வாங்குகிறவர், ஜனங்கள் கட்டிய வரியை ஜனங்களின் உயிருக்கே செலவிடட்டும். இந்த இரண்டும் நடந்தால், எங்கோ ஒரு தலைநகரில் விழும் கையெழுத்துக்காக இன்னொரு தேசத்துக் குழந்தை உயிரை விட வேண்டியது இருக்காது.