ஒரு நுகத்தில் இருவர்

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே மாட்டுவண்டிச் சவாரி பார்க்கப் போனவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். வண்டிகள் புழுதியைக் கிளப்பிக்கொண்டு எல்லையைக் கடந்த பின்னரும் திடலோரத்துப் பெரியவர்களின் வாதம் ஓய்வதில்லை. புதிதாகப் பூட்டிய இளங்காளை தன் பலத்தால் ஓடியதா, அல்லது பழகிய காளை அதனையும் இழுத்துக்கொண்டு ஓடியதா என்பதே வழக்கு. ஒரே நுகத்திற் பூட்டிய இரண்டும் ஒரே கணத்தில் எல்லையைத் தொடுவதால், இவ்வழக்குக்குத் தீர்ப்பு இலேசிற் கிடைப்பதில்லை.

இதே வழக்கு உலகத்து மோட்டார்ப் பந்தயத் திடல்களிலும் நடக்கின்றது என்றால் வாசகர்கள் வியப்படையலாம். போர்முலா வன் என்னும் பந்தயத்திலே ஒவ்வோர் அணியும் ஒரே மாதிரியான இரண்டு கார்களை இறக்குகின்றது. ஒன்றில் அனுபவசாலியையும் மற்றதில் இளைஞனையும் அமர்த்துவது பல அணிகளின் வழக்கம். பிற அணிக்காரன் முந்தினால், அவன் இயந்திரம் சிறந்தது என்று சமாதானம் சொல்லலாம். சொந்த அணித்தோழன் முந்தினால் என்ன சொல்வது? ஆகவே, பந்தயக்காரன் முதலில் வெல்லவேண்டியது தன் தோழனையே என்று அத்துறையினர் கூறுவர். மூத்தவர் உரைகல், இளையவன் அதில் உரைக்கப்படும் பொன். ஆனால், உரைகல் எப்பொழுதும் உண்மையே பேசுமா? இதனைச் சற்று ஆராய்வோம்.

நம் தமிழகத்தவர் ஒருவரின் கதையிலிருந்து தொடங்குவோம். சென்னையிற் பிறந்து, கோயம்புத்தூரைச் சேர்ந்தவரான நரேன் கார்த்திகேயன் 2005ஆம் ஆண்டில் போர்முலா வன் பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியர் என்ற பெருமையைப் பெற்றார். 2011இல் அவர் ஹிஸ்பானியா அணியில் ஓடினார். ஆண்டின் நடுப்பகுதியிலே அவருடைய ஆசனம் டானியேல் ரிக்கார்டோ என்ற 22 வயது அவுஸ்திரேலிய இளைஞனுக்குக் கொடுக்கப்பட்டது. அவ்வாண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி, டில்லிக்கு அண்மையில் இந்தியாவின் முதலாவது போர்முலா வன் பந்தயம் நடந்தபோது, கார்த்திகேயன் அணியின் மற்றக் காரிலே திரும்பி வந்தார். தம் ஆசனத்தைப் பெற்றவனோடு ஒரே அணியில், தம் நாட்டு மக்கள் பார்த்திருக்க, அவர் ஓடினார். முடிவில் மூத்தவர் 17ஆம் இடம். இளையவன் 18ஆம் இடம்.

அன்று மாலை அந்த இளைஞனுக்குத் தீர்ப்பு எழுதியிருந்தால் அது என்னவாகியிருக்கும்? "இவனிடம் விசேஷமாக ஒன்றுமில்லை" என்றே பலரும் எழுதியிருப்பர். ஆனால் 2014இல் அதே ரிக்கார்டோ, ரெட் புல் அணியில் செபஸ்டியன் வெட்டலின் பக்கத்தில் அமர்த்தப்பட்டான். வெட்டலோ 2010 முதல் 2013 வரை தொடர்ந்து நான்கு முறை உலக வீரர் பட்டம் பெற்றவர். ஆண்டு முடிவில் இளையவன் மூன்று பந்தயங்களை வென்று 238 புள்ளிகள் பெற்றான். வெட்டல் ஒன்றையும் வெல்லாமல் 167 புள்ளிகளோடு நின்றார். ஒரு நாள் ஓட்டத்தைக் கொண்டு ஒருவனை அளக்கலாகாது என்பதற்கு இதனிலும் சான்று வேண்டுமோ?

அப்படியாயின் வெட்டல் மங்கிப்போனார் என்று கொள்ளலாமா? அதுவும் அவசரத் தீர்ப்பே. 2014இல் பந்தய விதிகள் மாறின, இயந்திரங்கள் புதியன, காரின் குணமும் வேறாயிற்று. பழைய காருக்குப் பழகிய கை புதியதற்கு இணங்கக் காலம் வேண்டும். மறு ஆண்டே வெட்டல் பெராரி அணிக்குச் சென்று மூன்று பந்தயங்களை வென்றார். அளவுகோல் தானும் வெயிலுக்கும் மழைக்கும் நீண்டு குறுகும் என்பதை நாம் மறக்கலாகாது.

எண்ணிக்கையும் சில வேளைகளில் ஏமாற்றும். 1988இல் மக்லாரன் அணியில் இருமுறை உலக வீரரான அலன் புரொஸ்டும், புதிதாகச் சேர்ந்த அயர்ட்டன் செனாவும் ஓடினர். நடந்த பந்தயங்கள் 16. செனா வென்றவை 8, புரொஸ்ட் வென்றவை 7. எல்லாப் புள்ளிகளையும் கூட்டினால் புரொஸ்டுக்கு 105, செனாவுக்கு 94. ஆயினும் சிறந்த 11 முடிவுகளை மாத்திரம் கணக்கிடுவது அந்நாளைய விதி. அக்கணக்கில் செனா 90, புரொஸ்ட் 87. பட்டம் இளையவருக்கே கிடைத்தது. ஒரே ஓட்டத்துக்கு இரண்டு கணக்குகள், இரண்டு தீர்ப்புகள்!

கார்த்திகேயனின் 2005ஆம் ஆண்டுக் கணக்கையும் பாருங்கள். அவர் பெற்ற 5 புள்ளிகளும் அமெரிக்கப் பந்தயம் ஒன்றிலேயே கிடைத்தவை. அன்று டயர்களின் பாதுகாப்பைப் பற்றிய ஐயத்தால் 14 கார்கள் விலகிக்கொள்ள, ஆறு கார்களே ஓடின. அணித்தோழரான மொன்ரெய்ரோ மூன்றாவதாகவும் இவர் நான்காவதாகவும் வந்தனர். புள்ளியை மட்டும் பார்ப்பவர் இதனை அறிவாரா?

2007இல் வேறொரு விபரீதம். இருமுறை உலக வீரரான அலொன்சோவின் பக்கத்தில் லூயிஸ் ஹமில்டன் தமது முதல் ஆண்டிலேயே சமமாக ஓடினார். இருவருக்கும் 109 புள்ளிகள். வெற்றிகளும் நான்கு நான்கு. இருவரும் தமக்குள் மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, பெராரி அணியின் ரைக்கோனன் 110 புள்ளிகளோடு பட்டத்தைத் தட்டிக்கொண்டு போனார்.

இவற்றையெல்லாம் நாம் எழுதுவது மோட்டார்ப் பந்தயத்துக்காக மாத்திரமன்று. எம்மவர் வீடுகளிலே அண்ணனின் பரீட்சைப் பெறுபேற்றைக் காட்டித் தம்பியை அளக்கிறோம். பட்டறையிலே இருபது வருடம் பழகிய கையைக் காட்டி நேற்று வந்த பையனை அளக்கிறோம். ஒப்பிடுவது தவறன்று, ஒருநாட் பார்வையில் ஒப்பிடுவதே தவறு. பந்தயத்தில் ஆசனம் இழந்த இளைஞன் மீண்டும் அதைப் பெறுவது அரிது. வீட்டிலே மனம் இழந்த பிள்ளையும் அவ்வாறே.

இளங்காளை ஒரு சவாரியிற் பின்தங்கினால் உடனே விற்றுவிடாதீர்கள். வேறொரு காளையோடு மாற்றிப் பூட்டிப் பாருங்கள்; வேறொரு திடலிலும் ஓட்டிப் பாருங்கள். அதன் பின்னர் உங்கள் தீர்ப்பைச் சொல்லுங்கள்.