ராணுவ ஆராய்ச்சியும் சிறு பட்டறைகளும்

தேசப் பாதுகாப்புக்கு வேண்டிய புதுக் கருவிகளை ஆராய்ந்து கண்டுபிடிக்கும் வேலையை யாரிடம் ஒப்படைப்பது என்ற கேள்வி, பார்வைக்கு வெறும் இலாகா விவகாரமாகத் தோன்றலாம். டெண்டர், நிபந்தனை, பாரம், முத்திரை என்று போகும் இதில் பொது ஜனங்களுக்கு என்ன அக்கறை என்று சிலர் கேட்கவும் கூடும். ஆனால் இதற்குச் செலவாவது வரி கொடுப்போரின் பணம். கருவி கைவிட்டால் போவது எல்லையில் நிற்கும் சிப்பாயின் உயிர். ஆகவே, இந்தப் போட்டியில் இறங்க யாருக்கு யோக்யதை உண்டு, அந்த யோக்யதையை அளக்கும் கோல் எது என்பவை ஜனங்கள் அறிந்திருக்க வேண்டிய விஷயங்களே என்பது நமது அபிப்பிராயம்.

பழைய கதையைச் சிறிது நினைவுபடுத்திக் கொள்வோம். சுதந்திரம் கிடைத்த மறு வருஷம், 1948-ல், டி.எஸ். கோத்தாரி பாதுகாப்பு இலாகாவின் விஞ்ஞான ஆலோசகராக நியமனம் பெற்றார்; பாதுகாப்பு விஞ்ஞான ஸ்தாபனமும் உருவாயிற்று. 1958-ல் அதுவும் ராணுவத்தின் தொழில்நுட்பக் கிளைகளும் ஒன்றுசேர்ந்து பாதுகாப்பு ஆராய்ச்சி அபிவிருத்தி ஸ்தாபனமாயின. இதற்கிடையில், 1956-ம் வருஷத்துக் கைத்தொழில் கொள்கைத் தீர்மானம் ஆயுத உற்பத்தியைச் சர்க்காருக்கே உரியதென்று ஒதுக்கிவிட்டது. லைசென்ஸ் பெற்றுத் தனியாரும் இத்துறையில் இறங்கலாம் என்ற நிலை 2001-ல்தான் ஏற்பட்டது. அதுவரையில் தனியார் பட்டறைகளுக்குக் கிடைத்த வேலை பெரும்பாலும் உதிரி பாகம் செய்து கொடுப்பதுதான். வரைபடத்தைக் கொடுத்து, அதன்படி கடைந்து தா என்றார்கள், கடைந்து கொடுத்தார்கள். யோசனை ஓரிடம், உழைப்பு வேறிடம் என்று பிரிந்து நின்றதால், கை பழகிய அளவுக்குக் கருத்துப் பழகவில்லை.

கதவு திறந்த பிறகாவது எல்லோரும் உள்ளே போக முடிந்ததா? இல்லை. வாசற்படியில் நிபந்தனைகள் காத்து நின்றன. கடந்த சில வருஷங்களில் இத்தனை கோடி வியாபாரம் நடந்திருக்க வேண்டும். இதே மாதிரியான வேலையை முன்பு முடித்ததற்கு அத்தாட்சி வேண்டும். டிபாசிட் தொகை கட்ட வேண்டும். வழக்கமான சாமானை வாங்கும்போது இவற்றில் நியாயம் உண்டு. பூட்ஸும் போர்வையும் வாங்குபவர், விற்பவரின் பழைய கணக்கைப் பார்ப்பதில் தவறில்லை. ஆனால் இதுவரை யாரும் செய்திராத ஒன்றைச் செய்து காட்ட வாருங்கள் என்று அழைத்துவிட்டு, முன்பு செய்த அத்தாட்சி எங்கே என்று கேட்பதை என்னவென்று சொல்வது? நீச்சல் தெரிந்தவனே தண்ணீரில் இறங்கலாம் என்று சட்டம் போட்டால், நீச்சல் கற்பது எப்போது?

இந்தக் குறையைச் சர்க்கார் உணரவில்லை என்று சொல்வதற்கில்லை. 2017-ம் வருஷத்துப் பொது நிதி விதிகளில் 173-வது விதி, ஸ்டார்ட்-அப் என்னும் புதுக் கம்பெனிகளுக்கு முன் வியாபாரம், முன் அனுபவம் ஆகிய நிபந்தனைகளைத் தளர்த்த இடம் கொடுத்தது. தரத்திலும் தொழில்நுட்பத் தேவையிலும் மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. இதுவே சரியான அளவுகோல். 2018 ஏப்ரலில், சென்னையை அடுத்த திருவிடந்தையில் நடந்த ராணுவத் தளவாடக் கண்காட்சியின்போது ஐடெக்ஸ் என்ற திட்டம் ஆரம்பிக்கப்பட்டது. முப்படைகள் தங்களுக்குள்ள சிக்கல்களைப் பகிரங்கமாக அறிவிக்கின்றன. ஸ்டார்ட்-அப்புகளும், சிறு தொழிற்சாலைகளும், தனிப்பட்ட ஆராய்ச்சியாளர்களும் தீர்வுகளோடு போட்டியிடலாம். வென்றவர்களுக்கு ரூ. 1½ கோடி வரை மானியம் என்று தொடங்கி, 2022-ல் ரூ. 10 கோடி வரையிலும், 2024-ல் அதிதி திட்டத்தின் கீழ் ரூ. 25 கோடி வரையிலும் கொடுக்க ஏற்பாடாயிற்று. ஆராய்ச்சி ஸ்தாபனம் நடத்தும் தொழில்நுட்ப அபிவிருத்தி நிதியின் வரம்பும் 2022-ல் ரூ. 10 கோடியிலிருந்து ரூ. 50 கோடியாக உயர்ந்தது. அதே வருஷத்துப் பட்ஜெட், பாதுகாப்பு ஆராய்ச்சிச் செலவில் 25 சதவிகிதத்தைத் தொழில் துறைக்கும் ஸ்டார்ட்-அப்புகளுக்கும் கல்வி ஸ்தாபனங்களுக்கும் திறந்துவிடுவதாக அறிவித்தது.

இங்கே ஒன்றைப் பிரித்தறிய வேண்டும். மேற்சொன்ன நிதியிலிருந்து உதவி பெறும் கம்பெனியில் அந்நிய மூலதனம் 49 சதவிகிதத்துக்கு மேற்படக் கூடாது என்ற நிபந்தனையை நாம் ஆட்சேபிக்க மாட்டோம். ராணுவ ரகசியம் யார் கையில் போய்ச் சேரும் என்று கேட்பது சர்க்காரின் கடமை. "நீ யாருடையவன்?" என்ற கேள்வி வேறு, "நீ எவ்வளவு பெரியவன்?" என்ற கேள்வி வேறு. முன்னது தேசத்தைக் காக்கும். பின்னது பெரிய முதலாளியை மட்டுமே காக்கும்.

நம் தொழிலாளிகளுக்கும் சிறு முதலாளிகளுக்கும் ஒரு வார்த்தை. சென்னை, கோயமுத்தூர், ஓசூர், சேலம், திருச்சி ஆகிய ஐந்து இடங்களை இணைத்துத் தமிழ்நாட்டில் பாதுகாப்புத் தொழிற் பாதை அமைக்கப்பட்டிருக்கிறது. இவ்வூர்களின் பட்டறைகளில் கைத்திறமைக்குப் பஞ்சமில்லை, காகிதத்துக்குத்தான் பஞ்சம். கம்பெனியைச் சட்டப்படி பதிவு செய்தல், உத்யம் பதிவு, ஸ்டார்ட்-அப் அங்கீகாரம், பங்குதாரர் விவரம், தணிக்கையான கணக்கு இவற்றை டெண்டர் வந்த பிறகு தேடி ஓடுவதில் பயனில்லை. வேலையின் கட்டங்களை ஒட்டியே பணம் கொடுக்கப்படுவதால், எந்தக் கட்டத்தில் எதைச் செய்து காட்டுவோம் என்று விண்ணப்பத்திலேயே தெளிவாகச் சொல்லவும் பழக வேண்டும். திறமையிருந்தும் ஒரு காகிதமில்லாமல் வாசலில் நின்றுவிடுவது, நமக்கு மட்டுமல்ல, தேசத்துக்கே நஷ்டம்.

ஆனால் மானியம் பெறுவதோடு காரியம் முடிந்துவிடுகிறதா? ஐடெக்ஸ் மானியத்துக்கு ஈடாகத் தன் பங்கையும் போட வேண்டியவன், கடன் வாங்கித்தான் போடுவான். மாதிரிக் கருவி தயாராகிப் பரீட்சையிலும் தேறிய பின்னர், வாங்கும் உத்தரவு வராவிட்டால் அவன் கதி என்ன? வட்டி ஏறும், கற்ற தொழிலாளி வேறு வேலைக்குப் போவான், கருவி மூலையில் துருப்பிடிக்கும். அமெரிக்காவில் 1982-ல் நிறைவேறிய சிறு தொழில் ஆராய்ச்சிச் சட்டம் இதை நன்கு உணர்ந்தே அமைந்தது. 500 பேருக்கு மேற்படாத ஸ்தாபனங்களுக்கென்று ஆராய்ச்சிப் பணத்தில் ஒரு பங்கு ஒதுக்கப்பட்டது. 2017-ல் அப்பங்கு 3.2 சதவிகிதமாக இருந்தது. முதற் கட்டம் சாத்தியமா என்று பார்ப்பது. இரண்டாவது, செய்து காட்டுவது. மூன்றாவது கட்டத்தில், செய்து காட்டியவனிடமே மறு போட்டியின்றி வாங்கலாம். நம் நாட்டிலும் ஐடெக்ஸ் பொருள்களை வாங்க 2020-ம் வருஷத்துக் கொள்முதல் நடைமுறை வழி வகுத்தது. வழியிருந்தால் போதாது, அதில் வண்டி ஓட வேண்டும்.

ஆகவே நாம் கேட்பவை மூன்று. ஒவ்வொரு யோக்யதை நிபந்தனைக்கும் காரணத்தை டெண்டரிலேயே எழுத வேண்டும். தள்ளப்பட்ட விண்ணப்பதாரருக்கு, எதில் குறைந்தார் என்பதை எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். பரீட்சையில் தேறிய கருவிக்கு, குறித்த கெடுவுக்குள் சிறிய அளவிலாவது முதல் உத்தரவு கொடுக்க வேண்டும். பரீட்சையைச் சுலபமாக்கும்படி நாம் கேட்கவில்லை. அது கடுமையாகவே இருக்கட்டும். பரீட்சை மண்டபத்தின் கதவு மட்டும் பணப்பையின் கனத்தைப் பார்த்துத் திறக்க வேண்டாம். சட்டசபையிலும் பார்லிமெண்டிலும் நம் பிரதிநிதிகளாக அமர்ந்திருப்பவர்கள் இதைக் கேட்பார்களாக. கேட்கும்படி ஜனங்கள் அவர்களைத் தூண்டுவார்களாக.